அப்பூதியார் வைத்த பந்தல்



"கேமரன் மலையா? அங்கதான் குளுகுளுன்னு இருக்குமே!" ஊர் பேரைச் சொன்னால் பல்கலைக்கழக நண்பர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், போன வருஷம் பங்குனி உத்திரம் வரைக்கும்.

எங்கள் தோட்டத்துக் கோயில் பால்குட ஊர்வலத்துக்கு நேரம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டியதை, ஒலிபெருக்கிக்காகக் காத்திருந்து பத்தரை ஆக்கிவிட்டேன். 'காத்துதான் சில்லுன்னு அடிக்குதே, என்ன ஆயிடப் போகுது' என்ற தைரியம். விரதம் என்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு அக்கா, ஏற்றத்தில் குடத்தோடு சரிந்து விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். "முருகன் காப்பாத்திட்டான்" என்றார்கள் எல்லாரும். உண்மைதான். ஆனால் அவரை விழ வைத்தது முருகன் இல்லை, என் அலட்சியம்.

வெப்பம் 35 பாகையைத் தொட்டு மூன்று நாள் நீடித்தால்தான் வானிலைத் துறை முதல் எச்சரிக்கை கொடுக்கும். நம் மலையில் அதை எதிர்பார்த்து உட்கார முடியாது. ஆனால் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு புறஊதாக் கதிர் கூடுகிறது. வியர்வையைக் காற்றே துடைத்துவிடுவதால், உடம்பு இழந்த நீர் நமக்குத் தெரிவதில்லை. குளிர்ச்சிதான் இங்கே நம்மை ஏமாற்றுகிறது.

பெரியபுராணத்தில் அப்பூதியடிகளைப் பாருங்கள். திங்களூரில், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அந்த வழியே ஒருநாள் நடந்து வந்தவர் நாவுக்கரசரேதான்! வழிப்போக்கருக்காக வைத்த பந்தல், அடியாரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது.

அக்னி நட்சத்திர நாட்களில் சிவலிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் கட்டுவார்கள். ஒரே தடவையில் குடத்தைக் கவிழ்ப்பதில்லை. சொட்டுச் சொட்டாக, விடாமல். நம் உடம்புக்கும் அதுதான் முறை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நீர்மோரில் இருக்கும் உப்பு, வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யும். பானகத்து வெல்லம் சக்தி கொடுக்கும்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது, "விரதத்துல தண்ணி குடிச்சா குத்தமாச்சேப்பா" என்றார் ஒரு பெரியவர். நான் பதில் தேடுவதற்குள் என் பாட்டி எழுந்தார். "நான் முப்பது வருஷம் கொழுந்து பறிச்சவ. தலையில துணி, கையில தேத்தண்ணிப் போத்தல் இல்லாம மலை ஏறினதே இல்ல. வேலைக்குக் கொண்டுபோன தண்ணி, சாமிகிட்ட போறப்ப மட்டும் குத்தமா?" அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இந்த வருஷம் எங்கள் முடிவு இதுதான். ஒலிபெருக்கி வந்தாலும் வராவிட்டாலும் ஏழரைக்குக் கிளம்புவோம். வெறுங்காலோடு நடப்பவர்களுக்காகத் தார்ச்சாலையில் தண்ணீர் தெளிப்போம். வழியில் இரண்டு இடத்தில் பந்தல். வயதானவர்கள், பிள்ளைகள் பக்கத்தில் இளைஞர்கள் நடப்போம். யாராவது தள்ளாடினால் நிழலில் படுக்க வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிற வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்று. இன்று நம் தேயிலைச் சரிவுகளில் கத்தரி பிடிக்கிறவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்த அண்ணன்மார். நம் தாத்தா பாட்டி நின்ற அதே இடத்தில், அதே வெயிலில் நிற்கிறார்கள். திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடாமல், மழை இறங்கும்வரை ரோட்டோரத்தில் ஒரு பானை நீர்மோராவது வைப்போம்.

அடுத்து நடந்து வரப்போவது யார் என்று அப்பூதியாருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!