காசு லாச்சியில் இருப்பது யாருடைய பணம்?

மாலையில் கடை பூட்டும்போது லாச்சியில் இருப்பதெல்லாம் தமதே என்று சிறு வியாபாரி எண்ணுகிறார். உண்மையில் ஒரு பங்கு கடனுக்குச் சரக்குத் தந்தவருடையது. ஒரு பங்கு வேலையாளின் சம்பளம். எஞ்சும் இலாபத்திலும், 2025 ஏப்ரில் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா விலக்குப் போக, மிகுதியில் ஒரு பங்கு அரசுக்குரிய வரி. கணக்கெழுதாதவர் இப்பங்குகளைப் பிரித்தறிய மாட்டார். வீட்டுக்கு எடுத்த அரிசியை வியாபாரச் செலவாக எழுதுபவரோ, அறிந்தே பொய்யெழுதுகிறார்.

“அரசே பணத்தை வீணாக்குகிறதே!” என்பர் சிலர். ஆனால் நாம் மறைக்கும் வரி, சம்பளத்திலேயே வரி கழிக்கப்படும் உத்தியோகத்தர் மீதும், வாங்கும் பொருளின் விலையோடு வரி செலுத்தும் ஏழை மீதும் சுமையாக இறங்குகிறது. அயலவனின் தோளில் நம் பாரத்தை ஏற்றுவது நீதியாகுமா?

ஆதலால், அன்பர்களே, வரவு செலவை அன்றன்றே எழுதுங்கள். பற்றுச்சீட்டுக்களை ஐந்தாண்டுகள் பேணுங்கள். வீட்டுப் பணத்தை வேறாக வையுங்கள். நமது எது, பிறரது எது என்பது அப்பொழுதே தெளிவாகும்.