கூப்பிடு தூரம்

போன புரட்டாசியில் ஒரு நாள் இரவு, படுக்கப் போகும் நேரத்தில் தம்பி மகன் பிரான்சிலிருந்து போன் பண்ணினான். அவனுக்குத் துலூஸ் நகரத்தில் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு தென் பிரான்சின் செவென் மலைகளில் பன்னிரண்டு நாள் நடந்திருக்கிறான்.

"கால் முழுக்கக் கொப்புளம் பெரியப்பா. ஆனா வீட்டுக்குத் திரும்ப மனசு வரல. இன்னும் பத்து நாள் லீவு இருக்கு. வாடகைக் கார் எடுக்காம, ஏதாவது ஒரே ஊர்ல இருந்துடலாம்னு பாக்கறேன். எந்த ஊர்னுதான் புரியல."

அவன் நடந்த பாதைக்கு ஒரு கதை உண்டு. 1878-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்ற இளம் எழுத்தாளர், மோதெஸ்தீன் என்ற கழுதையின் மேல் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த மலைகளைப் பன்னிரண்டு நாளில் கடந்தார். அவர் போன வழி இன்று நடைப்பயணிகளுக்கான பாதையாகிவிட்டது. சான்-ழான்-தூ-கார் என்ற சிற்றூரில் இறங்கியதும் கழுதையை விற்றுவிட்டு, குதிரை வண்டி பிடித்து அலெஸ் நகரத்துக்குப் போனார். தனக்கு வந்திருக்கும் கடிதங்களை வாங்கும் அவசரம் அவருக்கு. வண்டி கிளம்பிய பிறகுதான் கழுதையை நினைத்து அழுதார்.

தம்பி மகன் முன்னால் நின்றவையும் அதே இரண்டு ஊர்கள்தான். அலெஸில் ரயில் நிலையம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் நீம் நகரம், அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம். சான்-ழானுக்கு அன்றாட ரயில் கிடையாது. சுற்றுலாக்காரர்களுக்கான நீராவி ரயில் ஒன்று பக்கத்து அந்தூஸ் வரை 13 கிலோமீட்டர் ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் சான்-ழானில் ஆறு, கடைத்தெரு, ரொட்டிக்கடை எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன.

நான் பிரான்சைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் கேட்டது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. நடந்து ஓய்ந்த கால் எந்த ஊரில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு, நூறு வருஷம் முன்பே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் நின்ற ஊரில்தான் நான் இருக்கிறேன்.

அவர் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. சொந்த ஊர் வத்தலக்குண்டு. பிறந்தது 1884. அவர் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்முன் வருவது அவருடைய கால்கள்தான். 1907-இல் திருவாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்தை விட்டு வெளியேற்றியது. ஊர் ஊராக நடந்து பேசிக்கொண்டே அவர் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சி.யோடு சேர்ந்தார். அரசை எதிர்த்துப் பேசியதற்காக 1908 மார்ச்சில் இருவரும் கைதானார்கள். சிவாவுக்குக் கிடைத்தது பத்து ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து 1912-இல் வெளியே வந்தபோது, சிறை அவருக்குத் தொழுநோயைக் கொடுத்திருந்தது. அதற்கு அன்று மருந்து இல்லை. அடுத்த ஆண்டே 'ஞானபானு' என்ற இதழைத் தொடங்கினார். பாரதியும் அதில் எழுதினார்.

பிறகுதான் அந்தத் தடை வந்தது. நோயைக் காரணம் காட்டி, ரயிலில் ஏறக் கூடாது என்றது வெள்ளை அரசு. பொதுக்கூட்டங்களில் அவருடைய நாக்கை அடக்க முடியாதவர்கள் காலைக் கட்டப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் தமிழ்நாடு முழுக்கப் போனார். புண் வந்த உடம்போடு போனார். நோயாளியைத் தள்ளி வைக்கும் மனசு சட்டமாகவே இருந்த காலம் அது. தொழுநோயாளர்களை அடைத்து வைக்கவும் பொது இடங்களிலிருந்து விலக்கவும் 1898-இல் போட்ட சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது.

அப்படி நடந்தவர் தங்குவதற்குத் தேர்ந்தெடுத்த ஊர் பாப்பாரப்பட்டி. அன்று இது சேலம் மாவட்டம். இப்போது இது இருக்கும் தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இலேயே குறுகிய ரயில் பாதை போட்டிருந்தார்கள். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவர ஏற்பட்ட அந்தப் பாதையைப் பிற்பாடு, 1941-இல், பிடுங்கி எடுத்துவிட்டார்கள். பாப்பாரப்பட்டிக்கு இன்றுவரை ரயில் கிடையாது. இப்போதுள்ள வேறு பாதையில் வந்தாலும் தர்மபுரியில் இறங்கி மேற்கே வர வேண்டும். ரயில் மறுக்கப்பட்டவர், ரயில் இல்லாத ஊரில் வந்து தங்கினார்.

ஒதுங்கி இருக்கத்தான் வந்தார் என்று இதை யாராவது நினைத்தால் அது பிழை. உள்ளூர் நண்பர்களின் துணையோடு நிலம் வாங்கினார். பாரதபுரம் என்று பெயர் வைத்தார். அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும், எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தவரும் உள்ளே வந்து கும்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கல்கத்தாவின் பெரிய வழக்கறிஞர், காங்கிரஸின் தலைவராக இருந்தவர், இந்தச் செம்மண் ஊர் வரை வந்தார். சிவா மறுபடி கிளம்பினார். கோயிலுக்குப் பணம் சேர்க்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூனில் தாஸ் காலமானார். அடுத்த மாதம் 23-ஆம் தேதி சிவாவும் பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடினார். நாற்பது வயது. கோயில் அடிக்கல்லோடு நின்றது. அவருடைய கனவுக்கு ஒரு நினைவாலயம் எழும்ப ஏறக்குறைய நூறாண்டு ஆனது.

அவர் எல்லாப் பெரிய ஊர்களையும் பார்த்தவர். மதுரை தெரியும், சென்னையில் இதழ் நடத்தியிருக்கிறார். கடைசியில் இங்கே ஏன் வந்தார்? நிலம் கிடைத்தது ஒரு காரணம். ஆனால் நிலம் எங்கும் கிடைத்திருக்கும். தொழுநோய் என்றால் திண்ணையைக் கூடக் கழுவிவிடும் காலத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச நாலு பேர் இங்கே இருந்தார்கள். அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

தூரத்தைச் சொல்ல நம் பெரியவர்களிடம் தனிக் கணக்கு இருந்தது. காத வழி என்பார்கள், ஒரு கல் தூரம் என்பார்கள். அவற்றில் ஒன்று கூப்பிடு தூரம். ஒருவர் குரல் கொடுத்தால் இன்னொருவர் காதில் விழும் தூரம். மற்ற அளவுகளுக்கு ஒரு ஆள் நடந்தால் போதும். இதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். கூப்பிட ஒருவர், 'என்ன' என்று கேட்க ஒருவர்.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முப்பது வருஷம் பெங்களூருவில் வேலை. எங்கள் தர்மபுரிக்காரர்களில் பலருக்குப் போல எனக்கும் அந்த ஊர்தான் சோறு போட்டது, அந்த நன்றி இருக்கிறது. ஆனால் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேலைக்குப் போக ஒரு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருப்பேன். எங்கள் தளத்தில் நாலு வீடு. அதில் இரண்டு வீட்டுக்காரர்களின் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. லிஃப்டில் இறங்கி நேராகக் காரில் ஏறிவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதை வசதி என்று நினைத்தே இத்தனை வருஷமும் ஓடிவிட்டது.

ஓய்வு பெற்றதும் ஓசூரில் வீடு வாங்கு என்றார்கள், தர்மபுரியில் வாங்கு என்றார்கள். நான் ஒரு மாதம் பாப்பாரப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பார்த்தேன். காரை எடுத்து வரவில்லை. காரில் போய்ப் பார்த்தால் எல்லா ஊரும் கிட்டத்தில்தான் இருக்கும், நடந்து பார்த்தால்தான் நமக்கு உண்மையில் எது தேவை என்று தெரியும். பால், கேழ்வரகு அரைக்க மாவு மில், மருந்துக்கடை, பஸ் ஏற நிறுத்தம், சாயங்காலம் பேச்சுக்கு ஒரு டீக்கடை. இவ்வளவும் என் நடைக்குள் இருந்தன. வந்த மறு வருஷம் காரை விற்றேன்.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். மூன்று வருஷம் முன்பு ஒரு இரவு என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. கார் இல்லையே என்று முதன்முதலாக என் மனசு பதறியது அன்றைக்குத்தான். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தார். அவர் பையன் 108-க்குப் போன் செய்தான். பின்வீட்டுக்காரர் போர்வையோடு வந்து அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார். ஆம்புலன்ஸ் வந்து தர்மபுரிக்குக் கிளம்பும்போது எங்களோடு மூன்று பேர் இருந்தார்கள். பெங்களூருவில் எனக்குக் கார் இருந்தது. அங்கே அந்த இரவில் நான் சத்தம் போட்டிருந்தால் யார் வந்திருப்பார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கார் வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு இருந்தது. சுற்றுப்பட்டிக் குக்கிராமங்களில் பலருக்குக் கார் ஒரு கேள்வியே இல்லை. காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்து வரும் பெண்ணிடம் போய் நடையின் பெருமையைப் பேசினால் அது பாவம். சிவா நடந்ததும் ஆசைப்பட்டு அல்ல. அநியாயமாக மறுக்கப்பட்டதால் நடந்தார், மறுத்தவர்களுக்கு அடங்காததால் நடந்தார். அதனால் எனக்கு நடையை விடப் பஸ்தான் பெரிதாகத் தெரிகிறது. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காரும் பெண்களை அதன் பிறகு நிறையப் பார்க்கிறேன். முன்பெல்லாம் டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க நடந்தவர்கள் அவர்கள். கார் இல்லாமல் ஒரு ஊரில் வாழலாம் என்றால், அங்கே பஸ் நேரத்துக்கு வர வேண்டும், எல்லாராலும் ஏற முடிய வேண்டும். அது இல்லாத ஊரில் கார் இல்லாத வாழ்க்கை என்பது வெறும் இல்லாமைதான்.

இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. "நீ நடந்து வந்து இறங்கினப்போ அந்த ரெண்டு ஊர்ல யாராவது உன்னைப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான். சான்-ழானில் ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கார அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்குமாம். இவன் நொண்டிக்கொண்டு படியேறுவதைப் பார்த்தவர், பாஸ்போர்ட் கேட்கவில்லை, வாடகை பேசவில்லை. உள்ளே போய் ஒரு வாளியில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைத்து, காலைக் காட்டி, உட்கார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார்.

"அங்கயே இருடா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் சிவா நினைவிடம் வரை நடந்தேன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போவதுதான். ரயிலில் ஏறக் கூடாது என்று விரட்டப்பட்ட அந்த மனிதர், உடம்பு முடியாமல் போன கடைசி நாளிலும் இங்கே இருந்ததை நினைத்துக்கொண்டு நின்றேன். இங்கே கூப்பிட்டால் அவருக்குக் கேட்க ஆள் இருந்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. தெருவிளக்கு எரியாத ஒரு திருப்பத்தில் காலை மெல்ல எடுத்து வைத்தேன்.

"என்னங்க, இன்னைக்கு இவ்ளோ நேரம்?" என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"வந்துட்டேன்" என்றேன்.