தானமும் தையலும்

தருமமாகக் கொடுக்கும் பொருளில் ஒரு குறை இருந்தால், கொடுப்பவரிடம் அதை எடுத்துச் சொல்வது முறையா? நம்மில் பெரும்பாலானோர் "முறையல்ல, மனம்தான் பெரிது" என்றே உடனே விடை கூறுவோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஊரில் கேட்பார்கள் அல்லவா? ஆனால் அந்தப் பழமொழி மாட்டை வாங்குகிறவனுக்குச் சொன்னது. மாட்டைக் கொடுக்கிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும் என்பதே நாம் இங்கே சொல்ல வருவது.

இவ்வளவு பெரிய பேச்சுக்கு வழிவகுத்தது ஒரு சிறிய வேலை. கடந்த பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்தபின், ஆலய மண்டபத்தில் அன்னதான மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நம்மவர் முப்பது பேர் அளவில் குயில்ற் தைக்கப் பழகினோம். ஸ்காபரோவில் பெண்களும் பிள்ளைகளும் அடைக்கலமாகத் தங்கும் ஓர் இல்லத்துக்கு அவற்றைக் கொடுப்பதாக ஏற்பாடு. நாற்பது வருடத் தையல் அனுபவமுள்ள இரண்டு கனடியப் பெண்மணிகள் மனமுவந்து வந்து சொல்லித் தந்தார்கள். நம் அடியார்களோ வடையும் தேநீரும் கொடுத்து அவர்களைத் திணறடித்தார்கள்.

குயில்ற் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே ஒரு முழுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலே அதன் உயிர். பார்க்க இலகு, செய்யப் போனால்தான் தெரியும். ஒரு துண்டை ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போக ஆறு அங்குலம் மிஞ்சும். பன்னிரண்டு துண்டு சேர்ந்த ஒரு வரிசை 72 அங்குலம் வர வேண்டும். பதினொரு தையலிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், அந்த வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். பக்கத்து வரிசையோடு அதைப் பொருத்த முடியாது. அரைக்கால் அங்குலத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தொடங்கியவர்கள் எல்லாரும் மத்தியானத்துக்குள் அதைக் கண்ணாரக் கண்டார்கள்.

நடுவில் உள்ள பஞ்சுக்கும் ஒரு கணக்கு உண்டு. எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைத் தாண்டினால், சில தரம் துவைத்ததும் பஞ்சு விலகி ஒரு மூலையில் கட்டியாகத் திரண்டுவிடும். மேலே துணி அழகாகத்தான் இருக்கும், உள்ளே குளிர் புகும்.

பிரச்சினை பின்னேரம் வந்தது. நம்மில் வயதில் மூத்த ஓர் அம்மா, எண்பதை நெருங்குபவர், காலையிலிருந்து கையூசியால் ஒரே மூலையில் இருந்து தைத்தார். எழும்பச் சொன்னாலும் எழும்பவில்லை. அவர் தைத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது தையல் நீள நீளமாக, தளர்வாக இருந்தது. ஒவ்வோர் இழைக்குள்ளும் ஒரு சின்ன விரல் நுழையும். நித்திரையில் புரளும் பிள்ளையின் கால்விரல் அதில் கொழுவினால் ஒரே இழுவையில் அந்த வரிசை முழுவதும் கழன்றுவிடும்.

"அப்படியே விடுங்கோ, அவ எவ்வளவு ஆசையாத் தைச்சவ" என்றார் ஒருவர். "அவ வீட்டை போனாப் பிறகு பிரிச்சுத் தைப்பம், ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார் இன்னொருவர். அது பல தையல் குழுக்களில் நடக்கிற காரியந்தான் என்று அந்தக் கனடியப் பெண்மணிகளும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மூன்றாவது வழி, அவரிடமே சொல்லுவது. அதற்கு ஒருவரும் முன்வரவில்லை.

இந்த மூன்றில் எது சரி? நாம் இதை வாங்குகிற பக்கத்திலிருந்து யோசிப்போம். அந்தப் பக்கத்தை நமக்குத் தெரியும். 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்த ஊர் மீனவர்கள் கண்டு தங்கள் படகுகளில் ஏற்றினார்கள். சென். ஜோன்ஸ் நகரில் பல்கலைக்கழக விடுதியில் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். விமானத்தில் வந்து இறங்கிய நாமும் முதல் பனிக்காலத்தை யாரோ தந்த உடுப்பில்தான் கழித்தோம். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் அந்நாளில் கிடைத்த குளிர்மேற்சட்டைகளில் சிப் பூட்டாதவை எத்தனை! மார்பில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு பேருந்துக்கு நின்ற நினைவு நம்மில் பலருக்கு உண்டு. தந்தவரிடம் அதைச் சொன்னோமா? இல்லை. "தாங்க்யூ" என்றுதான் சொன்னோம். கடையில் வாங்கிய சட்டையென்றால் பற்றுச்சீட்டோடு திரும்பப் போயிருப்போம்.

இலவசமாக வாங்குபவருக்கு முறையிடும் உரிமை நடைமுறையில் இல்லை. குறை சொன்னால் நன்றி கெட்டவர் என்ற பெயர் வரும். காசு கொடுத்து வாங்குபவருக்குச் செய்யும் வேலையில் ஒரு பிழை இருந்தால் அவரே சொல்லிவிடுவார், திருத்திக் கொடுக்கலாம். வாய் திறக்க முடியாதவருக்குச் செய்யும் வேலையில், அவருக்காக முறைப்பாடு செய்ய வேண்டிய ஆளும் செய்பவரேதான். ஆகையால் தருமத்துக்குச் செய்வதில் கவனம் கூடுதலாக இருக்க வேண்டும். "தருமத்துக்குத்தானே" என்ற சொல் நம் வாயில் எவ்வளவு இலகுவாக வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்பு இருந்தால் போதும் என்பவர்களுக்கு நம் வீட்டு வழக்கம் ஒன்றை நினைவூட்டலாம். ஊரில் பிள்ளைக்கு ஏணை கட்டப் பழஞ்சேலையைத்தான் எடுப்போம். துவைத்துத் துவைத்து மெதுவாகிப் போன நூற்சேலை பச்சைக் குழந்தைக்கு இதம். அம்மம்மா அந்தச் சேலையை அப்படியே கட்டிவிட மாட்டா. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பா. வெளிச்சத்துக்கு நேரே விரித்து நைந்த இடம் தேடுவா. பேரப்பிள்ளையில் அன்பு குறைந்தா அப்படிச் செய்தா? அந்த இழுவையில்தான் அன்பே இருந்தது. முகம் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சோதனையை விட்டுவிடுவது என்ன நியாயம்?

ஒன்று சொல்ல வேண்டும்: எல்லாப் பிழையும் ஒன்றல்ல. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா வந்துவிட்டது, ஒரு சதுரம் தலைகீழாகப் போய்விட்டது என்றால் யாருக்கும் குளிராது. அவற்றை விட்டுவிட்டோம். கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் பழைய காலத்துப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துத் தைப்பார்கள் என்று ஒரு கதை இந்நாட்டில் உலவுகிறது. குயில்ற் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். நமக்கு அந்தக் கதை தேவையுமில்லை, வேண்டாமலே வந்த பிழைகள் தாராளமாக இருந்தன.

கனடாவில் இந்தக் கலைக்கும் தருமத்துக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஊரூராகப் பெண்கள் கூடித் தைத்த குயில்ற்றுகள் கனடிய செஞ்சிலுவைச் சங்கத்தினூடாகப் பிரித்தானியாவுக்குப் போயின. குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள் அவற்றைப் போர்த்தினார்கள். பின்பக்கத்தில் சங்கத்தின் அன்பளிப்பு என்று ஒரு சிறு துணிச் சீட்டு இருந்தது. இன்றும் சில அந்நாட்டு வீடுகளில் உள்ளன. எண்பது வருடம் தாங்கிய தையலுக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

நமக்கு இன்னும் அருகில், வாட்டர்லூப் பகுதியில் வாழும் மெனனைற் மக்களைச் சொல்லலாம். 1920 இல் தொடங்கிய அவர்களது மெனனைற் மத்திய குழு, 1979 இல் கனடிய அரசோடு அகதிகளைப் பொறுப்பேற்கும் உடன்படிக்கையில் முதன்முதலில் கையெழுத்திட்ட அமைப்பு. நியூ ஹம்பேர்க் என்ற சிற்றூரில் 1967 இல் அவர்கள் தொடங்கிய நிவாரண விற்பனையில், நுணுக்கமான குயில்ற்றுகளை ஏலம் போட்டு அந்தப் பணத்தைத் துயர் துடைக்கும் பணிக்குக் கொடுப்பார்கள். அகதி முகாம்களுக்குப் போவது வேறு வகை: தடித்த நூலால் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுப் பிணைத்த எளிய போர்வை. அழகானதை விற்றுவிட்டு எளியதை ஏழைக்குக் கொடுப்பதா என்று முதலில் நமக்கும் தோன்றியது. பிறகு விளங்கியது. எளிய போர்வை மட்டமான போர்வை அல்ல. கூடாரத்தில் தேவை கதகதப்பும் உறுதியும். நுணுக்கமான வேலைப்பாடு விற்பனை மண்டபத்தில் அதிகம் சம்பாதிக்கும்.

இவ்விடத்தில் நம் அன்பர் ஒருவர், கணக்காளர், எழுப்பிய ஆட்சேபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. "முப்பது பேர், ஆளுக்கு ஏழு மணித்தியாலம், மொத்தம் 210 மணித்தியாலம். அந்த நேரம் வேலைக்குப் போய், சம்பளத்தைக் கொடுத்திருந்தால் ஒரு வண்டி நிறையப் போர்வை வாங்கலாமே?" கணக்கில் அவர் சொன்னது சரி, மறுக்க ஒன்றுமில்லை. ஆகவே சிக்கனம் என்று சொல்லி இந்த வேலையை நியாயப்படுத்த முடியாது. அன்று நாம் சந்தோசமாக இருந்தோம், நம் பெண்பிள்ளைகள் பாட்டிமாரோடு ஒரு நாள் முழுவதும் பேசினார்கள் என்பதும் உண்மை. அந்த இன்பம் நமக்குக் கிடைத்த கூலி. கூலி வாங்கியபின் வேலை சரியாக இருக்க வேண்டும் என்பது இன்னும் கட்டாயமாகிறது. இல்லத்தில் பணிபுரிபவர் சொன்ன ஒரு விடயமும் உண்டு: அங்கே கட்டிலும் விரிப்பும் இல்லத்தின் சொத்து, குயில்ற் பிள்ளையின் சொத்து. வெளியேறும் நாளில் பிள்ளை அதைத் தன்னோடு கொண்டு போகும். அதை மலிவு விற்பனைப் போர்வையாலும் செய்யலாம் என்று கணக்காளர் மறுபடியும் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

பட்டுச் சேலை பற்றியும் ஒரு வாக்குவாதம். காஞ்சிபுரப் பட்டுகளைக் கொண்டுவந்து, "அம்மனுக்குச் சாத்தினது, வெட்டித் தையுங்கோ" என்று தந்தார்கள். பெருமனம்தான். ஆனால் சரிகை பிள்ளையின் கன்னத்தில் உராயும், பட்டு சலவை இயந்திரத்தில் தாங்காது. உயர்ந்ததைக் கொடுப்பதும் வாங்குபவரை மறந்து கொடுப்பதாகிவிடலாம். வணங்கித் திருப்பிக் கொடுத்தோம்.

போர்வை என்றால் நமக்குப் பேகன் நினைவு வராமல் இராது. பழனி மலை நாட்டை ஆண்ட அந்த வள்ளல், மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்தான். அது மயிலுக்குப் பயன்படாதென்பதை அறிந்தே கொடுத்தான் என்பது புறநானூற்றில் பரணர் தரும் செய்தி. கொடை மனத்துக்கு அதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லைதான். ஆனால் அதே புறநானூற்றில், பேகன் கைவிட்டிருந்த மனைவி கண்ணகிக்காக அதே பரணரும் கபிலரும் வேறு புலவர்களும் அவனிடம் இரந்து நின்ற பாடல்களும் இருக்கின்றன. பாடசாலையில் நமக்கு மயிலை மட்டுமே சொல்லித் தந்தார்கள். மயில் போர்வையைப் பற்றி முறையிடாது. அதற்குக் கொடுப்பது இலகு.

தைத்திரீய உபநிடதத்தில் குருகுலம் முடித்துப் போகும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரையில் கொடையைப் பற்றியும் வருகிறது. சிரத்தையோடு கொடுக்கச் சொல்வதோடு, நாணத்தோடும் அச்சத்தோடும் கொடுக்கச் சொல்கிறார். கொடுப்பவன் எதற்காக அஞ்ச வேண்டும்? பெரியோர்கள் பல விளக்கம் தந்திருக்கிறார்கள். தையல் மேசையில் நின்றபோது நமக்குப் பட்ட விளக்கம் இது: கொடுக்கிற பொருள் போதுமானதா என்ற அச்சம்.

அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். மறைவாகப் பிரிப்பது இரக்கம்போல் தெரிந்தாலும், அது எண்பது வயதுப் பெரியவரைச் சிறுபிள்ளையாக்கி ஏய்ப்பது என்று நாம் முடிவு செய்தோம். ஒருவர் பக்கத்தில் இருந்து, "அம்மா, இதிலை பிள்ளையின்ரை கால் கொழுவும் போலை கிடக்கு" என்று காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் விரலை இழைக்குள் விட்டு இழுத்துப் பார்த்தார். "ஓம், கழரும். கொண்டா கத்தரிக்கோலை" என்றார். தானே பிரித்தார். பிரித்த நூலை வீசாமல் சுருட்டியும் வைத்தார். அதன்பின் அவருக்கு முடிச்சுப் போடும் வேலை கொடுக்கப்பட்டது. வருடக்கணக்காக ஆலயத்துக்கு மாலை கட்டிய கை அது. அந்த முடிச்சுகளை யாராலும் அவிழ்க்க முடியவில்லை, சோதித்துப் பார்த்தோம்.

இதில் எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். அவருடைய மகளுக்கு நாம் செய்தது பிடிக்கவில்லை. வயது போன மனிசியை நாலு பேருக்கு முன்னால் பிழை பிடிக்க வேண்டுமா என்று கேட்டார். நாலு பேருக்கு முன்னால் என்ற பகுதி நியாயமானதே. இனிமேல் இப்படியானவற்றைத் தனியாகச் சொல்ல எண்ணியிருக்கிறோம். சொல்லாமல் விட எண்ணவில்லை.

அன்று முடிந்தவை ஒன்பது. மிகுதி மேலடுக்குகள் ஆலயக் களஞ்சிய அறையில் பெட்டிகளில் உள்ளன. துணி தர விரும்பும் அன்பர்கள் பருத்தியாகத் தந்துதவவும். ஒரு தரம் சுடுநீரில் துவைத்து, சிவப்பும் கருநீலமும் சாயம் விடாது என்று பார்த்து, ஸ்திரிக்கை போட்டுக் கொண்டுவந்தால் வேலை இலகுவாகும். நைந்த துணி என்று சந்தேகம் வந்தால் இழுத்துப் பாருங்கள்.