மாத்திரை கொடுத்த பசி

நம் வீடுகளில் பாசம் தட்டில்தான் வரும். வந்தவரிடம் கேட்கிற முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. கோபித்துக்கொண்டு அறைக்குள் படுத்தவரைச் சமாதானப்படுத்தப் போகிறவர் கையிலும் ஒரு தட்டு இருக்கும். கல்யாணமானாலும் காரியமானாலும் இலை போடாமல் முடியாது. எங்கள் வீட்டு மணிக்கும் இதே முறைதான். தெருவில் பிறந்து, வாசல்படியில் படுத்து, மெல்ல மெல்ல ஹாலுக்குள் இடம் பிடித்த நாட்டு நாய் அவன். காலையில் அம்மா கையால் ஒரு விள்ளல் இட்லி, பிறகு வாட்ச்மேன் தாத்தாவின் பிஸ்கட், சாயங்காலம் டீக்கடையில் ஒரு பொறை, ராத்திரி தயிர்சாதம். தெருவில் ஒவ்வொருவருக்கும் அவனோடு தனித்தனியே ஓர் உறவு உண்டு. எல்லா உறவும் அவன் வயிற்றின் வழியாகவே நடந்துகொண்டிருந்தது.

அந்த வயிறு கெட்டது. ஊட்டுவதே அன்பு என்று பழகிய வீடு, ஊட்டாமல் எப்படி அன்பு காட்டும்? இப்படி ஒரு கேள்வி இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

முதலில் விட்டுவிட்டு வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு, நாலு நாள் சரியாகும், மறுபடி வரும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பூச்சி மாத்திரை, மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு, நாள்பட்ட குடல் அழற்சியாக இருக்கலாம் என்றார் டாக்டர். திசுவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு மயக்க மருந்து வேண்டும். அதற்கு முன் உணவை மாற்றிப் பார்ப்போம், பல நாய்களுக்கு அதுவே போதும் என்றார்.

கேட்க எளிதாக இருந்தது. அவன் இதுவரை சாப்பிட்டிராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, இரண்டே பொருள். குடலின் நோயெதிர்ப்புச் செல்கள் பழைய உணவில் எதையோ எதிரியாக நினைத்துச் சண்டை போடுகின்றன என்றால், அவற்றுக்குப் பழக்கமில்லாத உணவைக் கொடுத்தால் சண்டை அடங்கலாம். கோழி, முட்டை, பால், அரிசி எல்லாமே அவனுக்குப் பழக்கம். மிச்சம் இருந்தது மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். உப்பு இல்லை, மஞ்சள் இல்லை, முள் எடுத்து வேகவைத்தது. முள் குறைவு என்று வஞ்சிரம் வாங்கப் போனால், “நமக்கே மத்தி, அவனுக்கு வஞ்சிரமா?” என்றாள் அம்மா. பேரம் பேசி வாங்கி வந்தவளும் அவளேதான்.

சிரமம் சமையலில் இல்லை. இந்தச் சோதனை நடக்கிற வாரங்களில் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. ஒரு துண்டு பிஸ்கட் போனாலும், எது ஒத்துக்கொண்டது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கணக்குப் பார்க்க முடியாது. அப்படியென்றால் தெருவில் எல்லோரிடமும் போய், இனி அவனுக்கு எதுவும் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வாட்ச்மேன் தாத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்போ நான் அவன்கிட்ட என்னதான் பேசுறது தம்பி?” என்றார். அது வேடிக்கைக்குக் கேட்டதில்லை.

அம்மாவின் வாதம் வேறு. “காலங்காலமா நாய் நம்ம சோத்தைத் தின்னுதானே வளருது? அது எப்படி ஒத்துக்காமப் போகும்?” அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2013இல் எரிக் ஆக்செல்சன் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, நாய்களின் மரபணுக்களை ஓநாய்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு, அதில் பார்த்த ஓநாய்களிடம் இரண்டு பிரதிதான் இருந்தது. நாய்களில் நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் போட்ட மிச்சத்தில் வாழப் பழகியபோது நாயின் செரிமானமே மாறிப்போயிருக்கிறது. ஆகவே நாய்க்குச் சோறு போடுவது நேற்று வந்த வழக்கம் அல்ல. ஆனால் இனத்துக்கு ஒத்துக்கொண்டது ஒவ்வொரு வயிற்றுக்கும் எப்போதும் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நோய் எப்போதும் ஒரு தனி உடம்பில்தான் நடக்கிறது. காலங்காலமான வழக்கம் அங்கே சாட்சி சொல்ல வர முடியாது.

உணவு மாற்றம் பாதிதான் பலன் தந்தது. வாந்தி நின்றது, போக்கு நிற்கவில்லை. அடுத்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. குடலில் நடக்கும் சண்டையை அது அடக்கும். ஆனால் என்னென்ன தொந்தரவு வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். தாகம் கூடும், சிறுநீர் கூடும், மூச்சிரைக்கும், நாளானால் தொடைச் சதை கரையும், வயிறு தொங்கும். நினைத்தபோது நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவித்துப்போகும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கடைசியாக, “பயங்கரமா பசிக்கும்” என்றார்.

பசித்தது. மீன் நடுவில் மறைத்துவைத்த மாத்திரையைத் துல்லியமாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் தின்றவன், சில நாட்களில் மாத்திரையோடு தட்டையும் நக்கித் தேய்த்தான். சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிடம் அடுப்படி வாசலில் வந்து நிற்பான். கிழங்குத் தோல் விழுந்த குப்பைத் தொட்டியை ராத்திரியில் கவிழ்ப்பான். அம்மா சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, கை இலைக்குப் போய் வாய்க்கு வருவதைத் தலையை ஏற்றி இறக்கிப் பார்ப்பான். ஒழுகும் எச்சில் மொசைக் தரையில் குட்டையாகத் தேங்கும். குலைக்க மாட்டான். குலைத்திருந்தால் அதட்டியிருக்கலாம்.

“மாத்திரை பண்ற வேலை இது. நிஜப் பசி இல்ல” என்று அம்மாவிடம் சொன்னோம். ஆனால் அந்தச் சமாதானத்தை என் மனமே ஏற்கவில்லை. மாத்திரை உண்டாக்கிய பசி பொய்ப் பசியா?

என் பெரியப்பா ஆஸ்துமாவுக்காகக் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர். வயிறு நிறைந்திருக்கிறது என்று தெரிந்தாலும் கை டப்பாவைத் தேடிப் போகும், தூக்கம் வராது, மனசு பரபரவென்று இருக்கும் என்பார். அவருக்கு ஒரு வசதி இருந்தது. இது மருந்தின் வேலை, இன்னும் கொஞ்ச நாளில் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது. மணிக்கு அது கிடையாது. அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பசிக்கிறது, கையில் சோறு இருக்கிற, என்னை நேசிக்கிற இவர்கள் தர மறுக்கிறார்கள். காரணம் எதுவானாலும் பசிக்கிறவனுக்குப் பசி பசிதான். அதைப் பொய் என்று சொல்வதால் மறுக்கிற நமக்குத்தான் நிம்மதி; அவனுக்கு ஒன்றும் குறையாது.

திருக்குறளில் மருந்து என்பது 95ஆவது அதிகாரம். தலைப்பு மருந்து என்றாலும், பத்தில் ஆறு குறள் அளவறிந்து உண்பதைப் பற்றியவை. கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பங்காக்குகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுப்பவர். அந்த நாலாவது ஆளை மற்ற மூன்றுக்கும் சமமாக வைத்தது பெரிய விஷயம். மனிதர்களின் நோயில் நாலாவது ஆள் உதவியாள் மட்டுமே. எங்கே வலிக்கிறது என்று நோயாளியே சொல்லிவிடுவார். நாயின் நோயில் நோயாளியின் பங்கையும் நாலாவது ஆளே சுமக்க வேண்டியிருக்கிறது. அவன் உடம்பு சொல்வதை இவன்தான் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சிக்கல் அங்கேதான். சொல்கிறவனுக்குப் பயம் இருக்கும், இரக்கம் இருக்கும், சில ராத்திரிகளில் தூக்கக் கலக்கமும் இருக்கும். ஹாலில் மூன்றாவது முறை சிறுநீர் கழித்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அது அவன் உடம்பு சொன்னதா, பினாயில் போட்டுத் துடைக்கிற நம் முதுகு சொன்னதா? தாகத்தால் குடிக்கிறான், குடித்ததால் போகிறான் என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. கூடவே கூடாது என்றார் டாக்டர். அந்த மருந்தில் சிறுநீர் தானாகவே அதிகம் போகும், ஈடுகட்டத்தான் குடிக்கிறான், தண்ணீரைத் தடுத்தால் உடம்பு வறண்டுவிடும். ஆக, ஒரே மாத்திரை இரண்டு ஆசைகளைத் தூண்டுகிறது. ஒன்றை மறுக்க வேண்டும், இன்னொன்றைத் தடுக்கவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தவிப்பாகத்தான் தெரியும். இரக்கத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கற்றுக்கொண்டால்தான் தெரியும்.

ஆலோசனை சொல்ல வந்தவர்களும் இரக்கத்தோடுதான் வந்தார்கள். வயிறு வலிக்கிறதோ என்னவோ, நாம் போடுகிற வலி மாத்திரையில் கால் துண்டு கொடுங்கள் என்றார் ஒருவர். இபுப்ரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். ஓர் உடம்புக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷமாகலாம் என்பதற்கு இந்த நாட்டில் பெரிய சாட்சியே உண்டு: வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து, அந்த இனங்களையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. 2006இல்தான் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. மாட்டின் வலியைத் தீர்க்க நினைத்த யாரும் கெட்டவர்கள் அல்ல.

அதனால் எங்கள் வீட்டில் இரக்கத்துக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தோம். மலத்தை மதிப்பிட ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிட்ட படம் டாக்டர்களிடம் இருக்கிறது. ஒன்று கல் மாதிரி, ஏழு தண்ணீர் மாதிரி. அம்மா அதை மளிகைக் கணக்கு நோட்டில் தேதிவாரியாக எழுதினாள். தார் மாதிரி கறுப்பாகப் போனால் இரைப்பையில் ரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே கூட்டி வர வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்கப் பார்க்க, அவனைப் பற்றி எங்களுக்கு அதுவரை தெரியாத பலவும் தெரிந்தன. எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் வயிறு உறுத்துகிறது, முன்காலை நீட்டிப் பின்பக்கத்தை உயர்த்தி நிற்பது எப்போது சோம்பல் முறிப்பு, எப்போது வலி என்பதெல்லாம். தட்டு நிறையப் போட்ட காலத்தில் தட்டைத்தான் பார்த்திருந்தோம்.

ஆனால் அளவுகோலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. தொடைச் சதை கரைந்து, எழுந்திருக்கச் சிரமப்பட்ட நாட்களில், இதெல்லாம் அவனுக்காகவா நமக்காகவா என்ற பேச்சு வந்தது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கென்றே ஒரு பட்டியல் வகுத்திருக்கிறார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற கேள்வி. ஏழுக்கும் பத்துக்குள் மதிப்பெண். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் வாழ்க்கை சகிக்கும்படி இருக்கிறது என்று கொள்ளலாம். நல்ல பட்டியல்தான். ஆனால் பசி என்ற வரியில், ஸ்டீராய்டு சாப்பிடும் நாய் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து வாங்கிவிடும். அந்த மதிப்பெண் அவனுடையதா மாத்திரையுடையதா என்று தாளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் அந்தப் பசியை என்னதான் செய்வது? சாப்பாட்டின் மொத்த அளவைக் கூட்டாமல் அதையே நான்கு வேளையாகப் பிரித்தோம். வெந்த கிழங்கைச் சிறு துண்டாக்கி, பழைய துண்டுத் துணியில் சுருட்டிக் கொடுத்தால், மோந்து மோந்து தேடி எடுப்பான். ஒரு நிமிடத்தில் தீர்கிற சாப்பாடு கால் மணி நேரம் வரும். பிறகும் அடுப்படி வாசலில் வந்து நிற்கத்தான் செய்தான். அப்போது அம்மா செய்தது எந்த டாக்டரும் எழுதித் தராதது. சமையலை முடித்துவிட்டு, பாட்டி காலத்து மரச் சீப்போடு தரையில் உட்கார்ந்து அவனுக்கு முதுகு வாரிவிட ஆரம்பித்தாள். முதலில் சீப்பைத் தின்னப் பார்த்தான். பிறகு படுத்தான். வாட்ச்மேன் தாத்தாவும் ஒரு வழி கண்டுபிடித்தார்: பிஸ்கட் நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், அவன் ஒவ்வொரு மின்கம்பமாக மோந்து முடிக்கும் வரை அவசரப்படுத்தாமல் நின்றார். பசி அதனால் போய்விடவில்லை. ஆனால் பசியோடு அவன் தனியாக இல்லை.

எங்களுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். பசிக்கிறவனுக்கு மறுப்பது சில நேரம் சரியாக இருக்கலாம். மறுத்துவிட்டு எழுந்து போவதுதான் சரியில்லை. மனிதர்களிடம் நாம் இதைத்தான் செய்கிறோம். சர்க்கரை வந்த அப்பாவின் லட்டு டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறோம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் அத்தைக்குத் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அவர்களால் சண்டை போட முடியும், திருடித் தின்ன முடியும், குறைந்தது காரணமாவது புரியும் என்பதால் நம் மனசாட்சி தப்பித்துக்கொள்கிறது. நாய் அந்தத் தப்பிக்கும் வழிகள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது.

மணிக்கு மாத்திரை அளவு இப்போது இறங்கியிருக்கிறது. மறுபடி கூட்ட வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த நோய் விட்டுப் போவதைவிட அடங்கிக் கிடப்பதுதான் அதிகம். அதனால் இன்னொருவரிடம் “உனக்கு இது கூடாது” என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம், சொன்ன பிறகு அவரோடு உட்கார எனக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். நேரம் இல்லையென்றால் நான் கொடுப்பது பாதி மருந்துதான்.