தொடாமல் பார்க்கும் வைத்தியம்

தீண்டாமை என்றதும் டீக்கடைத் தம்ளரும் கோயில் வாசலும்தான் ஞாபகத்துக்கு வருது. நான் கேட்பது வேறு. தொடுவதே தொழிலாக உள்ளவர் தொடாமல் போனால் அதற்கு என்ன பெயர்?

கிராம சுகாதார செவிலியர் சேரிக்கும் வருகிறார். ஊசி, சத்து மாத்திரை, பதிவேடு எல்லாம் நடக்குது. எங்க தெருவுக்கு வந்த ஒரு நர்ஸம்மா வேப்பமரத்தடியிலேயே நின்று மாசமான பெண்களை அங்கே வரச் சொல்வார். ஊர்த்தெருவில் 'வாங்கம்மா' என்ற வாய், இங்கே பாட்டி வயசுக்காரியையும் 'வா, போ' என்றது. வயிற்றில் கை வைக்காமலே 'நல்லாத்தான் இருக்கு' என்று எழுதிக்கொண்டார்.

பிள்ளைத் தலை மேலே இருக்கா, கீழே இருக்கா என்று கை வைத்துத்தானே பார்க்கணும்? தொடாதபோது மரியாதையோடு வைத்தியமும் சேர்ந்தே போகிறது.

ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், வேலைப்பளு என்கிறார்கள். உண்மைதான். அந்தப் பளு ஊர்த்தெருவிலும் உண்டே. கை மட்டும் சேரிக்கு வந்ததும் எப்படிக் களைத்துப்போகிறது? இத்தனைக்கும், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தவர்கள் நாவிதர் வீட்டுப் பெண்களும் பல ஊர்களில் நம் சேரிப் பெண்களும். பிள்ளை பிறக்கும்வரை அந்தக் கை தீட்டில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதையும் குற்றமென்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. சாதி பாராமல் கவனிக்கணும், அந்தரங்கத்தைக் காக்கணும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. ஆனால், சுருங்கிய கையை எந்த போலீஸ் எழுதிக்கொள்ளும்? நாளைக்குப் பிரசவத்துக்கு அதே கையிடம் போகவேண்டியவள் எப்படிச் சாட்சி சொல்வாள்?

'அன்பாப் பாருங்க' என்று நாம் கெஞ்சுவதில் எனக்கு உடன்பாடில்லை. கருணையை நினைத்தபோது நிறுத்திக்கொள்ளலாம். கடமையை நிறுத்தினால் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கும் ஒருத்தி தனியாகப் போகவேண்டாம். பெண்கள் கூடும் இடத்தில் இரண்டே கேள்வி கேட்போம்: 'வீட்டுக்குள்ள வந்தாங்களா? வயித்தத் தொட்டுப் பாத்தாங்களா?' பதில்களைத் தேதியோடு எழுதி, தெருவே கையெழுத்துப் போட்டு மனுவாகக் கொடுப்போம். அவர்கள் பதிவேட்டுக்கு எதிரே நம் பதிவேடும் இருக்கட்டும்.