கருணைக்குப் பயிற்சி தேவையா?

கருணை உள்ளத்தில் தானே சுரப்பது. அதற்குப் பயிற்சி எதற்கு என்று பலர் கருதுகின்றனர். பலர் கூடி உழைக்கும் ஓரிடத்தில் வைத்து இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

அலுவலகம் ஒன்றில் ஊழியர் ஒருவர் திடீரென நினைவிழந்து சாய்கிறார் என்று கொள்வோம். அழைத்தால் பதில் இல்லை, மூச்சும் இல்லை. சுற்றி நிற்கும் இருபது பேரில் இரக்கமற்றவர் எவருமில்லை. ஒருவர் தண்ணீர் கொண்டுவருகிறார், மற்றொருவர் விசிறுகிறார், ஏனையோர், ஆம்புலன்ஸை வேறு யாரேனும் அழைத்திருப்பர் என எண்ணிக் காத்திருக்கின்றனர். இதயம் நின்றுவிட்டால், உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்கிறது மருத்துவம். அங்கே கருணைக்குக் குறைவில்லை. செய்வதறிந்த கைகள்தாம் இல்லை.

எல்லோருக்கும் பொதுவான கடமை எவராலும் செய்யப்படாமல் போவது மனித இயல்பு. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதை நன்கு உணர்ந்திருந்தது. 150 தொழிலாளர்களுக்கு ஒன்று வீதமாவது முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றதோடு அது நிற்கவில்லை. முதலுதவியில் சான்றிதழ் பெற்ற ஒருவர் ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பேற்று, வேலை நேரம் முழுவதும் அருகிலேயே இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பொருளுக்குப் பின்னால் பொறுப்புள்ள ஒரு மனிதர் வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

‘அறியாதவன் கைவைத்துத் தீங்கு செய்வதைவிட ஒதுங்கி நிற்பது நல்லதல்லவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. உயரத்திலிருந்து விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்கினால், அடிபட்ட முதுகெலும்பு மேலும் சேதமடையக்கூடும். ஆனால் இதயம் நின்றவரின் நடுமார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தியாக வேண்டும். அதில் விலா எலும்பு முறிந்தாலும் பின்னர் கூடிவிடும். தயங்கி நின்றாலோ உயிர் போய்விடும். எப்போது தொடலாகாது, எப்போது தொட்டே ஆக வேண்டும் என்னும் விவேகம் முன்பே கற்றவருக்குத்தான் வாய்க்கும்.

இத்தகைய ஆயத்தத்தில் உணர்ச்சிப் பெருக்கு எதுவும் இல்லை. பெட்டியிலுள்ள மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பதும், ஆம்புலன்ஸை அழைப்பவர் யார், வாயிலில் நின்று வழிகாட்டுபவர் யார் என முன்னரே வகுத்துவைப்பதும் சுவையற்ற வேலைகளே. பாராட்டுவாரும் இல்லை. கற்றது ஒருநாளும் பயன்படாமலே போகலாம். பயன்படும் நாள் வரவே கூடாது என்றுதான் கற்றவரும் விரும்புவார். பலனைக் காண விரும்பாமலே செய்யும் செயலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் ஏது? எவருக்கு, எந்நாளில் என்று அறியாமலே முன்கூட்டிச் செய்துவைக்கும் இந்த உதவியும் கருணையே.