மனநிறைவு யார் பொறுப்பு?

ஆதிச்சநல்லூரிலிருந்து தாமிரபரணியைக் கடந்தால் ஸ்ரீவைகுண்டம், குமரகுருபரர் பிறந்த ஊர். எடுத்த வேலையில் குறியாக இருப்பவர் உடல் நோவையும் பசியையும் பொருட்படுத்த மாட்டார் என்று நீதிநெறி விளக்கத்தில் அவர் பாடியதைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். உழைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால் அது நோன்பு. சம்பளம் தரவேண்டியவர் அதையே எடுத்துச் சொன்னால்?

தமிழக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி உறைக்கும். 2024-25இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதங்களுக்கு மட்டுமே. கௌரவ ஆசிரியர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லியிருந்தது. நெட் தகுதித் தேர்வில் தேறி, முனைவர் பட்டமும் வாங்கியவர்கள் இவர்களில் பலர். அகமதிப்பீட்டு மதிப்பெண் போட்டு முடித்ததும் மே மாதம் வந்துவிடும். அந்த மாதம் சம்பளம் கிடையாது. வீட்டு வாடகையும் மளிகைப் பாக்கியும் உண்டு.

இவர்களுக்கு வேலை பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிடித்த வேலையிலும் அதிருப்தி ஏன் வருகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் விளக்கினார்: நிறைவு வேலையின் உள்ளிருந்து பிறக்கிறது, அதிருப்தி சம்பளம், பணிச்சூழல் போன்றவற்றிலிருந்து வருகிறது. ஒன்று இருப்பதால் மற்றது தீர்ந்துபோவதில்லை. வகுப்பில் மலர்ந்த முகமும் மாதக் கடைசிக் கவலையும் ஒரே ஆளிடம் இருக்கும்.

பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் அறிவுரை செயல் செய்பவனுக்குச் சொன்னது. அவனுக்குரிய பலனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. உழைப்போடு பலனும் சேரவேண்டும் என்பது பழைய எண்ணம்தான்: குமரகுருபரர் ஊருக்கு எதிர்க்கரையில், ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த பழங்கால ஈமக்காட்டில் இரும்புக் கருவிகளோடு தானிய உமியும் கிடைத்தது. இறந்தவருக்கும்கூடக் கருவியோடு சோறும் வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்திருக்க வேண்டும்.

குருவே பிரம்மா என்ற சுலோகத்தை விழா மேடையில் சொன்னால் போதாது, ஆசிரியரை நடத்தும் விதத்தில் அது தெரியவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் தொடர்ந்த வழக்கு அது. அவர்கள் வாங்கியது மாதம் 30,000 ரூபாய். அதே வேலைக்கு நிரந்தரப் பணியில் இருப்பவர் பெற்றது 1,36,952 ரூபாய். உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தையாவது தரவேண்டும் என்றது தீர்ப்பு. தமிழ்நாட்டின் கௌரவ விரிவுரையாளர்கள் கேட்பது அவ்வளவுகூட இல்லை: மானியக் குழு சொன்ன 50,000 ரூபாய்தான்.